கார்ல சொந்தமா கம்ப்யூட்டரும் டிஜிட்டல் மீட்டரும்: கரண்ட் எங்கருந்து, டேட்டா எங்கருந்து?

ஏழு இன்ச் டச் ஸ்கிரீன் ஒண்ணு, ராஸ்பெர்ரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு, காரோட டேட்டாவை படிக்கிற ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒண்ணு, இந்த மூணையும் சேர்த்தா பழைய காருக்கு புது டிஜிட்டல் டேஷ்போர்டு ரெடின்னு வீடியோ பாக்கிற எல்லாருக்கும் தோணும். மேசை மேல வெச்சு ஓட்டினா நல்லாவே ஓடும். அதையே கார்ல மாட்டினா தான் ஒண்ணொண்ணா கிளம்பும்: வண்டிய ஸ்டார்ட் பண்ணா போர்டு ரீஸ்டார்ட் ஆகுது, எஸ்டி கார்டு கரப்ட் ஆகுது, ஆர்பிஎம் முள்ளு தாமதமா நகருது, நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா பேட்டரி இறங்கி கிடக்கு.

இதுக்கெல்லாம் ஆப்பை மாத்தி மாத்தி போட்டு பாக்கறாங்க, ஆனா பெரும்பாலும் கோளாறு ஆப்ல இருக்காது. காரோட 12 வோல்ட் வயரிங் எப்படி நடந்துக்கும், காரோட உள்ள ஓடுற டேட்டா எப்படி போகுது, இந்த ரெண்டும் புரிஞ்சா மேல சொன்ன எல்லாத்துக்கும் காரணம் தானா விளங்கிடும்.

முதல்ல எதை கட்டப் போறோம்

"கார் கம்ப்யூட்டர்"ங்கிற ஒரே பேர்ல மூணு வேற வேற வேலைய போட்டு குழப்பிக்கறாங்க.

1. பாட்டு, மேப், ரிவர்ஸ் கேமரான்னு நடு கன்சோல்ல உக்கார்ற சிஸ்டம். இது நின்னு போனா எரிச்சல், அவ்வளவு தான்.
2. இருக்கிற மீட்டரை தொடாம, பக்கத்துல இன்னொரு ஸ்கிரீன்ல கூலன்ட் சூடு, டர்போ பிரஷர், பேட்டரி வோல்டேஜ் மாதிரி விஷயங்களை காட்டுறது.
3. கம்பெனி மீட்டரையே கழட்டிட்டு அந்த எடத்துல ஸ்கிரீன் வைக்கிறது.

மூணாவது மத்த ரெண்டுக்கும் அடுத்த படின்னு நினைக்க வேணாம், அது முழுக்க வேற ஜாதி வேலை, ஏன்னு கீழ வரும். முதல் தடவை கட்டுறவங்க ரெண்டாவதுல ஆரம்பிக்கணும்ங்கிறது என் தீர்மானமான கருத்து. தப்பு நடந்தாலும் வண்டி ஓடும், மீட்டரும் வேலை செய்யும், கத்துக்கறதுக்கு அவகாசம் கிடைக்கும்.

12 வோல்ட்னு பேரு, ஆனா அது 12 வோல்ட் கிடையாது

பேட்டரி மேல 12ன்னு எழுதியிருக்கும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்றதால வயர்ல சுமார் 13.8ல இருந்து 14.4 வரைக்கும் இருக்கும். சாவிய திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்துற நேரத்துல அது நூறு ஆம்புக்கு மேல இழுக்கும், அப்ப வோல்டேஜ் 9க்கும் 8க்கும் இறங்கும், பேட்டரி பழசா இருந்தாலோ கடுங்குளிரா இருந்தாலோ 6 பக்கம் கூட போயிடும். ராஸ்பெர்ரி பை 4க்கு வேண்டியது நிலையான 5 வோல்ட், 3 ஆம்ப். பை 5க்கு 5 ஆம்ப் வரைக்கும். உள்ள வர்ற 5 வோல்ட் 4.63க்கு கீழ இறங்கினாலே போர்டு மின்னல் படம் போட்டு எச்சரிக்கும், இன்னும் இறங்கினா ரீஸ்டார்ட் தான். ஸ்டார்ட் பண்றப்ப போர்டு செத்து எழுந்திரிக்கிற பிரச்சனை இங்க தான் பொறக்குது.

பக் கன்வெர்ட்டர்னு சொல்றது வோல்டேஜை கீழ இறக்க மட்டும் தெரிஞ்ச சர்க்யூட், வெளிய 5 வேணும்னா உள்ள அதை விட ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட் அதிகமா இருக்கணும், இல்லன்னா அது கைய விரிச்சிடும். பக்-பூஸ்ட் வகை, உள்ள வர்றது 5க்கு கீழ போனாலும் மேல தூக்கி குடுக்கும். கார்ல போடுறதுக்கு இந்த ரெண்டாவது வகைய எடுங்க, இல்லன்னா ஸ்டார்ட் ஆகுற அந்த சில நொடிய தாங்கற மாதிரி நடுவுல ஒரு சின்ன பேட்டரி இல்ல சூப்பர் கெப்பாசிட்டர் வெக்கணும்.

இது கீழ இறங்குற கதை. மேல ஏறுற கதை இதை விட மோசம். ஆல்டர்னேட்டர் முழு வேகத்துல சார்ஜ் பண்ணிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினல் லூசாகி கழண்டா, அந்த கரண்ட் போறதுக்கு எடமில்லாம வோல்டேஜ் எகிறும். லோட் டம்ப்னு இதுக்கு பேரு. ஐஎஸ்ஓ 16750-2ங்கிற தரத்துல இதை சோதிக்கிறப்ப, அடக்குற சர்க்யூட் இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு 79ல இருந்து 101 வோல்ட் வரைக்கும் வெச்சு பாக்கறாங்க, அதுவும் 40ல இருந்து 400 மில்லி செகண்ட் வரைக்கும். ஆல்டர்னேட்டர்லயே அடக்குற டயோடு இருக்கிற வண்டின்னா 35 வோல்ட் பக்கத்துல நிக்கும். சாதாரண கன்வெர்ட்டர் மாட்யூல் பல 40 வோல்டுக்குள்ள தாங்குறதுக்கு செஞ்சது, ஒரு தடவை இந்த அலை வந்தா கன்வெர்ட்டர் போகும், அது ஷார்ட்டாகி போச்சுன்னா பின்னாடியே போர்டும் ஸ்கிரீனும் போகும். அதனால உள்ள வர்ற எடத்துல கீழ சொல்றது எல்லாம் கட்டாயம்:

1. பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க ஒரு ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பாத்துறது வயரை. போர்டுக்கு பக்கத்துல ஃப்யூஸ் வெச்சா, பேட்டரிலருந்து அது வரைக்கும் வர்ற வயர் எங்கயாவது உரசி பாடில பட்டா வயரே எரியும்.
2. கார்ல போடுறதுக்குன்னு தர்ற டிவிஎஸ் டயோடு. அலை வந்தா அதை தன் மேல வாங்கி கிரவுண்டுக்கு அனுப்பும்.
3. பேட்டரிய மாத்தி மாட்டிட்டா தாங்கற மாதிரி ரிவர்ஸ் போலாரிட்டி பாதுகாப்பு.
4. போர்டுக்கும் ஆடியோ ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே எடத்துல கிரவுண்ட். வேற வேற எடத்துல மாட்டினா இன்ஜின் வேகத்துக்கு ஏத்த மாதிரி ஸ்பீக்கர்ல 'உய்ங்'னு ஒரு சத்தம் ஏறி இறங்கும், கிரவுண்ட் லூப்னு அதை சொல்லுவாங்க.

ஆஃப் பண்றது ஆன் பண்றதை விட கஷ்டம்

காரோட சாவில ரெண்டு விதமான கரண்ட் வயர் இருக்கு. ஒண்ணு எப்பவும் லைவா இருக்கும், இன்னொண்ணு சாவி போட்டா மட்டும் வரும், அதை ஏசிசி இல்ல இக்னிஷன் லைன்னு சொல்லுவாங்க. போர்டுக்கு ஏசிசி வயர்ல மட்டும் கரண்ட் குடுத்தா சாவிய எடுத்த உடனே பட்டுன்னு நின்னுடும், அந்த நேரத்துல எஸ்டி கார்டுல ஏதாவது எழுதிட்டு இருந்தா ஃபைல் சிஸ்டம் கெட்டுப் போகும். சரின்னு எப்பவும் லைவா இருக்கிற வயர்ல குடுத்தா போர்டு ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கும். கணக்கு போட்டு பாருங்க: போர்டும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 5 வாட் இழுத்தா 12 வோல்ட்ல அது 0.4 ஆம்ப், ஒரு நாளைக்கு 10 ஆம்ப் அவர். 45 ஆம்ப் அவர் பேட்டரி ரெண்டு, மூணு நாள்ல பாதி காலி, அதுக்கு மேல ஸ்டார்ட் ஆகுமாங்கிறது சந்தேகம். நல்லா இருக்கிற வண்டி நிறுத்தி வெச்சிருக்கும்போது இழுக்கிறது பொதுவா 0.05 ஆம்புக்குள்ள தான் இருக்கணும்.

சரியான வழி ரெண்டு வயரையும் எடுக்கிறது. லைவ் வயர் கரண்ட் குடுக்கும், ஏசிசி வயர் தகவல் மட்டும் குடுக்கும். ஏசிசி போனதும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் அதை கவனிச்சு போர்டுக்கு "மூடிக்கோ"ன்னு சிக்னல் அனுப்பும், போர்டு ஒழுங்கா ஷட்டவுன் ஆக முப்பது நாப்பது செகண்ட் குடுக்கும், அப்புறம் கரண்டையே வெட்டிடும். கடைசில வெட்டுறது ரொம்ப முக்கியம், ஏன்னா ஷட்டவுன் ஆன பிறகும் போர்டு கொஞ்சம் கரண்ட் இழுத்துட்டு தான் இருக்கும். இது கூடவே ஃபைல் சிஸ்டத்தை ரீட் ஒன்லியா வெச்சுட்டா (ராஸ்பெர்ரி பைல ஓவர்லேன்னு ஒரு செட்டிங் இருக்கு) திடீர்னு கரண்ட் போனாலும் கார்டு கெடாது.

எப்பவும் சொருகியே வெச்சிருக்கிற ப்ளூடூத் ஓபிடி அடாப்டரையும் இங்க மறக்கக் கூடாது. ஓபிடி கனெக்டரோட 16வது பின் எப்பவும் பேட்டரி கரண்ட். வண்டி நின்னாலும் அது இழுத்துட்டு தான் இருக்கும்.

டேட்டா: கேட்டு வாங்குறதும் ஒட்டுக் கேக்கறதும்

ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்கிற 16 பின் சாக்கெட் தான் ஓபிடி-2. அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து கட்டாயம், ஐரோப்பாவுல பெட்ரோல் காருக்கு 2001, டீசலுக்கு 2004. இது வந்ததே புகை கட்டுப்பாட்டுக்காக, இன்ஜின்ல எது கெட்டு புகை அதிகமாகுதுன்னு எந்த மெக்கானிக்கும் பாக்கணும்னு. அதனால இதுல கிடைக்கிறது எல்லாம் இன்ஜின், புகை சம்பந்தப்பட்டது தான். கதவு திறந்திருக்கா, இண்டிகேட்டர் போட்டிருக்கா, ஏர்பேக் லைட் எரியுதாங்கிறதுக்கெல்லாம் இதோட பொது தரத்துல பதிலே இல்ல. இந்த ஒரு விஷயம் தெரியாம தான் பல பேர் "என் ஆப்ல ஏன் இண்டிகேட்டர் வரல"ன்னு மண்டைய உடைச்சுக்கறாங்க.

ஓபிடி வேலை செய்யுறது கேள்வி பதில் முறையில. ஒவ்வொரு அளவுக்கும் பிஐடின்னு ஒரு நம்பர் இருக்கு. கூலன்ட் சூட்டுக்கு 05. நம்ம அடாப்டர் "மோட் 01, பிஐடி 05"ன்னு கேக்கும் (மோட் 01னா இப்போதைய அளவை சொல்லுன்னு அர்த்தம்), இன்ஜினோட ஈசியு (அதை கட்டுப்படுத்துற சின்ன கம்ப்யூட்டர்) "41 05 82"ன்னு பதில் சொல்லும். 41ங்கிறது 01க்கான பதில்னு அர்த்தம், 82 பதினாறடிமான எண், சாதாரண கணக்குல 130. அதுல 40ஐ கழிச்சா 90 டிகிரி. ஆர்பிஎம்முக்கு ரெண்டு பைட் வரும், முதல் பைட்டை 256ஆல பெருக்கி ரெண்டாவதை கூட்டி 4ஆல வகுக்கணும். சாதாரண கணக்குல 26, 248ன்னு வந்தா 6904, நாலால வகுத்தா 1726 ஆர்பிஎம். இவ்வளவு தான், இதுல மாயம் ஒண்ணும் கிடையாது.

முள்ளு ஏன் தாமதமா நகருதுங்கிறதும் இதுலயே தெரிஞ்சிடும். ஒவ்வொரு அளவையும் தனித்தனியா கேட்டு, பதிலுக்கு காத்திருந்து, அடுத்ததை கேக்கணும். இஎல்எம்327ங்கிற சிப்போட நகல் போட்ட மலிவான ப்ளூடூத் அடாப்டர்ல இந்த போக்குவரத்து செகண்டுக்கு சில தடவை தான் நடக்கும், ஸ்கிரீன்ல பத்து மீட்டர் வெச்சீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் முறை வர்றதுக்கு ஒரு செகண்டுக்கு மேல ஆகிடும். அதனால ஆர்பிஎம்மை அடிக்கடியும் கூலன்ட் சூட்டை அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவையும் கேக்கற மாதிரி வெச்சாலே பாதி பிரச்சனை தீந்துடும்.

மீதி பாதிக்கு கேன் பஸ். 1983ல பாஷ் நிறுவனம் உருவாக்க ஆரம்பிச்சு 1986ல வெளிய அறிவிச்ச நெட்வொர்க் இது. ஒண்ணோட ஒண்ணு முறுக்கின ரெண்டு வயர், கேன் ஹைன்னும் கேன் லோன்னும். இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங், மீட்டர்னு எல்லா ஈசியுவும் இதுல தான் தொங்கும். யாரும் யாரையும் கேக்கறதில்ல, ஒவ்வொண்ணும் தன் தகவலை சத்தமா சொல்லிட்டே இருக்கும், வேணுங்கிறது காதுல வாங்கிக்கும். இன்ஜின் தன்னோட ஆர்பிஎம்மை பல வண்டிகள்ல 10, 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை சொல்லும். கம்பெனி மீட்டரோட முள்ளு வழுக்கிட்டு போற மாதிரி நகர்றது இதனால தான். நாமளும் அந்த வயர்ல காதை வெச்சா அதே வேகம் நமக்கும் கிடைக்கும்.

ஆனா பாஷை தெரியணும். ஒரு செய்தில ஒரு ஐடி, 8 பைட் வரைக்கும் டேட்டா, எந்த ஐடில எந்த பைட் எதுன்னு கம்பெனி வெளிய சொல்றதில்ல. கதவை திறந்து மூடி எந்த பிட் மாறுதுன்னு பாத்து பாத்து ஆளுங்க கண்டுபிடிக்கறாங்க, அதை டிபிசி ஃபைலா எழுதி பகிர்ந்துக்கறாங்க. உங்க மாடலுக்கு யாராவது செஞ்சு வெச்சிருந்தா அதிர்ஷ்டம், இல்லன்னா சில வாரம் பொறுமையா உக்காரணும், நெஜமா சொன்னா இந்த மொத்த வேலையிலயே மனசுக்கு நிறைவான பகுதி அது தான். லினக்ஸ்ல சாக்கெட்கேன்னு ஒரு வசதி 2008ல இருந்தே கெர்னல்லயே இருக்கு, கேன் பஸ்ஸை நெட்வொர்க் கார்டு மாதிரியே பாக்கலாம்.

இன்னொண்ணு. புது வண்டிகள் பலதுல ஓபிடி சாக்கெட்டுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவுல கேட்வேன்னு ஒரு காவல்காரன் இருக்கும். சாக்கெட்ல காதை வெச்சா நிசப்தம் தான் கேக்கும். அடாப்டர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு இன்னொண்ணு வாங்காதீங்க. எலக்ட்ரிக் கார்லயும் பொது பிஐடி பலது பதில் சொல்லாது, பேட்டரி சார்ஜ் மாதிரி விஷயத்துக்கு அந்தந்த கம்பெனியோட தனி நம்பர் தெரியணும்.

கேக்கறப்பவும் கெடுதல் பண்ண முடியும்

"நான் படிக்க மட்டும் தானே போறேன், என்ன ஆகிடப் போகுது"ன்னு சொல்றவங்களுக்காக இதை விரிவா சொல்றேன். கேன் விதிப்படி, ஒரு கன்ட்ரோலருக்கு வர்ற செய்தி தப்பா தெரிஞ்சா அது உடனே பஸ்ல பிழைக்கொடி காட்டும், அதாவது எல்லாருக்குமா சேர்த்து அந்த செய்திய கெடுக்கும். நீங்க 500 கிலோபிட் பஸ்ல வேற வேகத்தை செட் பண்ணி சாதாரண மோட்ல கனெக்ட் பண்ணா உங்க போர்டுக்கு எல்லா செய்தியும் தப்பா தான் தெரியும், வரிசையா கொடி காட்ட ஆரம்பிக்கும், ஓடுற வண்டில பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பேசிக்கற அதே வயர்ல.

கேன் பஸ்ஸை படிக்க எம்சிபி2515ங்கிற கன்ட்ரோலர் சிப் போட்ட மாட்யூல் வாங்குறவங்களுக்கு இது அடிக்கடி நடக்குது. கவனிக்க வேண்டியது:

1. மாட்யூல் மேல இருக்கிற கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸா 16ஆன்னு பாத்து அதையே செட்டிங்ல போடணும். தப்பா போட்டா வேகம் ரெண்டு மடங்கு மாறிடும்.
2. பஸ்ஸோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் ஏற்கனவே இருக்கு. சாவி எடுத்துட்டு ஓபிடி சாக்கெட்டோட 6வது, 14வது பின்னுக்கு (கேன் ஹை, கேன் லோ) நடுவுல அளந்தா பொதுவா 60 ஓம் காட்டும். மாட்யூல்ல இன்னொரு 120 ஓம் இருந்தா அதோட ஜம்பரை எடுத்துடணும், இல்லன்னா 40 ஓம் ஆகி சிக்னல் பலவீனமாகும்.
3. 5 வோல்ட்ல ஓடுற மாட்யூலை ராஸ்பெர்ரி பையோட 3.3 வோல்ட் பின்ல நேரா கொடுத்தா பின் போயிடும்.
4. லிசன் ஒன்லி மோட். இதுல கன்ட்ரோலர் பஸ்ல வாயே திறக்காது, பிழைக்கொடியும் காட்டாது. ஸ்கிரீன் மட்டும் கட்டுறவங்களுக்கு இதைத் தவிர வேற மோட் தேவையே இல்ல.

இன்டர்நெட் கனெக்ஷன் வெச்ச போர்டை கேன் பஸ்ல மாட்டுறதுக்கு முன்னாடி 2015ஐ நினைச்சு பாருங்க. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜீப் செரோக்கி ஒண்ணை தூரத்துல இருந்தே, மொபைல் நெட்வொர்க் வழியா அதோட இன்ஃபோடெயின்மென்ட் சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்சு, அங்கருந்து கேன் பஸ்ஸுக்கு இறங்கி ஹைவேல ஓடும்போதே இழுவைய நிறுத்திக் காட்டினாங்க. கம்பெனி 14 லட்சம் வண்டிய திரும்ப அழைச்சு சாஃப்ட்வேர் மாத்துச்சு. சும்மா பாட்டு பாடுற பெட்டிக்கும் பிரேக்குக்கும் நடுவுல வழி இருந்தது தான் அங்க ஓட்டை. வீட்ல கட்டுற செட்டப்ல அந்த வழிய நாமளே போட்டுக் குடுக்கக் கூடாது. கேன் சிப்போட அனுப்புற வயரை கனெக்ட் பண்ணாமலே விட்டுட்டா சாஃப்ட்வேர்ல என்ன தப்பு நடந்தாலும் உள்ள எதுவும் போகாது.

ஸ்கிரீன்

இங்க ரெண்டு எதிரி, வெளிச்சமும் சூடும். சாதாரண லேப்டாப் ஸ்கிரீன் 250, 300 நிட்ஸ் பிரகாசம், நேரா வெயில் படுற எடத்துல அது கறுப்பு பலகை மாதிரி தான் தெரியும், 1000 நிட்ஸ் பக்கம் இருந்தா படிக்கலாம். ராத்திரில அதே பிரகாசம் கண்ணை கூசும், ஹெட்லைட் போட்டதும் மங்கலாகற மாதிரி டேஷ்போர்டு விளக்கு வயர்லருந்து ஒரு சிக்னல் எடுத்து வெச்சுக்கணும். வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன காரோட டேஷ்போர்டு மேல்பரப்பு 70 டிகிரி பக்கம் போகும், வீட்டு உபயோக ஸ்கிரீன் பலதும் 50 வரைக்கும் தான் தாங்கும்னு எழுதியிருக்கும். போர்டை டேஷ்போர்டுக்கு மேல வைக்காம சீட்டுக்கு அடியில வெச்சுட்டு கேபிள் மட்டும் மேல கொண்டு வாங்க. ஏர்பேக் விரியுற பாதையில ஸ்கிரீனோ அதோட தாங்கியோ இருக்கவே கூடாது, விரியுற வேகத்துல அது முகத்துக்கு தான் வரும்.

கம்பெனி மீட்டரையே கழட்டலாமா

ரேஸ் ட்ராக்குக்கு மட்டும் போற வண்டி, இல்ல மெகாஸ்குவர்ட் மாதிரி தனி ஈசியு போட்டு முழுசா மாத்தி கட்டின வண்டின்னா சரி. ரோட்ல ஓடுற வண்டிக்கு வேணாம்னு தான் சொல்லுவேன், காரணம் இருக்கு.

வேகம் காட்டுறதுக்கு ஐநா விதி எண் 39ன்னு ஒண்ணு பல நாடுகள்ல நடைமுறையில இருக்கு. மீட்டர் நெஜ வேகத்தை விட கம்மியா காட்டவே கூடாது, அதிகமா காட்டினா நெஜ வேகத்துல பத்துல ஒரு பங்கும் அது மேல 4 கிலோமீட்டரும் வரைக்கும் தான் போகலாம். 100ல போனா 100ல இருந்து 114க்குள்ள காட்டணும். ஓபிடில வர்ற வேகம் தசமம் இல்லாத முழு எண், டயர் அளவ மாத்தியிருந்தா அது நெஜத்தை விட கம்மியாவே கூட இருக்கலாம்.

ஏர்பேக், ஏபிஎஸ், பிரேக் ஆயில், ஆயில் பிரஷர் விளக்கெல்லாம் அந்த மீட்டர்ல தான் இருக்கு. சில வண்டில மீட்டர் தான் சாவியோட இம்மொபிலைசரை (திருட்டு தடுக்குற பூட்டு) சரிபாக்கும், கழட்டினா வண்டியே ஸ்டார்ட் ஆகாது. ஓடோமீட்டர் கணக்கு அதுல தான் இருக்கு, அதை மாத்துறது பல நாட்டுல குற்றம்.

அப்புறம் பூட் ஆகுற நேரம். ராஸ்பெர்ரி பை எதையும் குறைக்காம விட்டா ஸ்கிரீன்ல படம் வர இருபது முப்பது செகண்ட் ஆகலாம், அதுக்குள்ள நீங்க தெருமுனைய தாண்டியிருப்பீங்க. அமெரிக்க விதில ரிவர்ஸ் கியர் போட்ட 2 செகண்டுக்குள்ள கேமரா படம் வந்தாகணும், மீட்டருக்கு அதை விட அவசரம். கார் கம்பெனிகள் இதனால தான் மீட்டர் பகுதிய கியூஎன்எக்ஸ் மாதிரி ரியல் டைம் சிஸ்டத்துலயும் பாட்டு, மேப்பை ஆண்ட்ராய்டுலயும் தனித்தனியா ஓட்டுறாங்க. நாம கட்டுறதுக்கும் அதே யோசனை பொருந்தும்: ஈஎஸ்பி32 மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் ஒரு செகண்டுக்குள்ள எழுந்து கேன் படிச்சு முக்கியமான நம்பரை ஒரு சின்ன டிஸ்ப்ளேல காட்டட்டும், பெரிய ஸ்கிரீனும் லினக்ஸும் மெதுவா பின்னாடி வரட்டும். லினக்ஸ் தொங்கினாலும் சின்ன டிஸ்ப்ளே ஓடிட்டே இருக்கும்.

எந்த வரிசையில கட்டணும்

1. வெறும் மல்டிமீட்டரோட ஆரம்பிங்க. ஸ்டார்ட் பண்ணும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குது, வண்டி நின்ன பிறகு எவ்வளவு கரண்ட் போகுதுன்னு எழுதி வைங்க.
2. பவர் சப்ளைய மட்டும் கட்டி, அதுல போர்டுக்கு பதிலா ஒரு பல்போ ரெசிஸ்டரோ மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்க. சாவி எடுத்தா சொன்ன நேரத்துல கரண்ட் வெட்டுதா, ஸ்டார்ட் பண்றப்ப 5 வோல்ட் அசையாம இருக்கான்னு பாருங்க.
3. போர்டை மாட்டி, ஸ்கிரீன் இல்லாம, லிசன் ஒன்லி மோட்ல கேன் டேட்டாவை ஃபைலா சேமிங்க. வண்டி ஓட்டுற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சேரும். அதை வீட்ல கம்ப்யூட்டர்ல திரும்ப ஓட்டிக்கிட்டே மீட்டர் டிசைன் பண்ணலாம், கார்ல உக்காந்து வியர்க்க வேண்டியதில்ல.
4. ஸ்கிரீன் கடைசியா. அதுக்குள்ள உங்களுக்கு எந்த நாலு நம்பர் நெஜமா வேணும்னு தெரிஞ்சிருக்கும், எவ்வளவு பெரிய ஸ்கிரீன் வாங்கணும்ங்கிறதும் அதை வெச்சே முடிவாகும்.